எட்டாவதில் ஒரு விக்கல்

எனக்கு இரவுப் பணி, மண்டபத்து ஐஸ் பிளான்டில்.
டோக்கன் நாளுக்கு முந்தின இரவென்றால்
விடியும்வரை கேன் தூக்க வேண்டும்.
மற்ற நாட்களில்
அமோனியா வாடையும் நானும்,
ஒரு காதில் மட்டும் இயர்போன்.
மற்றக் காது மெஷினுக்கு.
அது நின்றால் எனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

யாரும் கேட்காத பாட்டாகத் தேடுவேன்.
லட்சம் பேர் கேட்டதை நானும் கேட்டு என்ன ஆகப்போகிறது?
எண்ணிக்கை நூறுக்குக் கீழே இருந்தால்
அங்கே நின்றுவிடுவேன்.
பாதி குப்பை. இல்லை, முக்கால் குப்பை.
மைக்கில் மூச்சு அடிக்கும், தாளம் தடுக்கி விழும்,
நாமக்கல்லில் லாரி கழுவுகிறவன் ஒருவன்
பைப் தண்ணீர்ச் சத்தத்தையே பல்லவியாக வைத்திருந்தான்.
(அது நன்றாகத்தான் இருந்தது.)

கூட வேலை பார்க்கும் சவரிராயன் சிரிப்பான்:
"நல்லா இருந்தா நாலு பேரு கேட்டிருப்பாங்கல்ல?"
அந்த நாலு பேரில் ஒருத்தன் நான் என்று
அவனிடம் சொன்னதில்லை.

மாசியில் ஒரு ராத்திரி
'கணவாய்' என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது.
படத்தில் பாதியாக அறுத்த நீல டிரம்.
கேட்டவர்கள் பதினொரு பேர்.
பெண்குரல். இனிமை என்று சொல்ல முடியாது,
துணி பிழிந்துகொண்டே பேசுகிற குரல்.
குழுக்கடன் வசூலிக்க வருகிறவனின் பைக்கைப் பற்றிப் பாடினாள்,
அது தெரு திரும்பும் சத்தத்தில்
அவசரமாக அணைக்கப்படும் அடுப்பைப் பற்றி.
பாதியில் என் போன் இலங்கை டவருக்குத் தாவிவிட்டது.
வடக்குக் கடல் பக்கச் சுவரோரம் நின்று பார்த்தேன்,
தெற்குக் கடல் பக்கம் போய்க் கையை உயர்த்திப் பார்த்தேன்,
டீசல் டேங்க் மேல் ஏறிய பிறகுதான்
மிச்சப் பாட்டு வந்தது.

மிச்சத்தில்தான் அது இருந்தது.
குரலுக்குப் பின்னால் ஒரு தாளம்,
சீராக ஏழு அடி, எட்டாவதில் ஒரு விக்கல்.
இயர்போனைக் கழற்றினேன்.
தாளம் நிற்கவில்லை.

எங்கள் கம்ப்ரஸர்.
ரெண்டு வருசமாக எட்டாவதில் விக்குகிற
மூணாம் நம்பர்.

அப்படியென்றால் இங்கேதான்.
இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஜன்னல்.
விடிந்ததும் ஐஸ் வாங்க வந்த முகங்களைப் பார்த்தேன்:
நண்டு கம்பெனி ஜெய்த்தூன்,
அரைப் பார் வாங்கி அஞ்சு ரூபாய் பாக்கி வைக்கிற ராக்கு,
கருவாட்டுக் கொட்டகைக்குப் புதிதாக வந்திருந்தவள்.
யார் தொண்டையைச் செருமினாலும் திரும்பினேன்.
கேட்கவில்லை.
கேட்டு, ஆமாம் நான்தான் என்று ஒருத்தி சொல்லிவிட்டால்
அதற்கப்புறம் என்ன பேசுவது?

பங்குனியில் முதலாளி
ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்.
"இன்னும் கொஞ்ச நாள் ஓடும்ண்ணே" என்றேன்.
"ஓடும். ஒருநாள் வெடிக்கும்."
பேரிங்கை மாற்றினார். எண்ணெய் துடைத்த துணியை
என் நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார்.
அன்றிரவு மெஷின் வழவழவென்று ஓடியது.
எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது.
பழைய பாட்டை எடுத்துக் கேட்டேன்,
நான் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

தடைக்காலம் தொடங்கி, விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க,
நாட்டுப்படகுக்காரர்களுக்கு மட்டும்
ஒரு வரிசை கேன் நிரப்பிக்கொண்டிருந்த நள்ளிரவு.
கணவாயின் இரண்டாவது பாட்டு.
கேட்டவர்கள்: சைபர்.

அழுத்தினேன்.
டிரம்மில் நகத்தால் தட்டுகிற சத்தம்.
எண்ணிக்கொண்டே வந்தேன்,
நாலு, அஞ்சு,
ஆறு,
ஏழு,
எட்டாவதில் அவளே விக்கினாள்.

சைபர் ஒன்றாக மாறக் கொஞ்ச நேரம் ஆனது,
டவர் அப்படி.
அதற்குள் கேன் நிரம்பி வழிந்து
பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.
வால்வை மூடப் போகவில்லை,
இன்னொரு எட்டு வரட்டும் என்று நின்றிருந்தேன்.