கோரம்

பொதுக்குழு, பத்தரை மணி.
குழித்துறைப் பாலத்தருகே வாடகை அரங்கின் மாடி.
உறுப்பினர் ஐம்பத்தேழு. மூன்றில் ஒன்று வேண்டும், பத்தொன்பது.
வந்தது பதினேழு.
அதிலும் செல்வின் கழிவறையில்.

நான் இணைச்செயலாளர், நடவடிக்கைப் புத்தகம் என் மடியில்.
'கோரம் இல்லை' என்று எழுதினேன்.
எழுதியபின் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தமிழில் அதற்கு வேறு பொருள் உண்டு.

விதி பதினான்கு, உட்பிரிவு இ:
அரைமணி ஒத்திவைத்து
அதே இடத்தில் அதே கூட்டம் மறுபடி கூடலாம்,
பிறகு எண்ணிக்கை கேட்கப்படாது.
இதை எழுதியவர்
ஆனி மாதத்தில் இந்த ஊர்ச் சாலைகளைப் பார்த்தவராக்கும்.

ஆக, ஓர் அரைமணி.
கூட்டமும் இல்லை, கூட்டமின்மையும் இல்லை.
ஏத்தங்காய் சிப்ஸ், கட்டன் சாயா.
மேபலிடம் ஒரு கட்சிக்காரர் வந்திருக்கிறாராம்:
அடுக்களை கேரளத்தில், கார் ஷெட் தமிழ்நாட்டில்,
அனுமதி எந்தப் பஞ்சாயத்தில் வாங்க?
'கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணு மாதிரி
ரெண்டு இடத்திலயும் கேக்கணும்' என்றார் மைதீன் சார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

பொருள் எண் ஆறு அவர்.
ஜெஸ்டின் தாசையன், முப்பத்தொரு வருட உறுப்பினர்.
ஒரே நாளில் நாற்பத்தொரு வரைபடங்களில் கையெழுத்து.
ஒன்றுக்கு இரண்டாயிரம்.
அதில் இருபத்தெட்டாவது படத்தின் தாங்குசுவர்
போன துலாம் மழையில் சரிந்து
பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரின்
வலதுகால்மேல் விழுந்தது.

சன்னலருகே வந்து நின்றார்.
'இப்பம் எழுதுதியளா?'
இல்ல சார், ஒத்திவைப்பு.
'அப்பம் சொல்லுதேன்.
அந்தப் படத்த நான் பாத்ததே இல்ல.
ஒப்பு நம்மதாக்கும். படம் யாருக்க படமோ.
ஆஸ்பத்திரி வாசல் வர போனேன்.
ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன்.
வாட்ச்மேன் பேரு கேட்டான்,
திரும்பிட்டேன்.'

கீழே ஆறு சிவந்து போய்க்கொண்டிருந்தது.
எதிர்க்கரைத் தென்னைகளில் பாதிதான் தெரிந்தது.

பதினொன்று. மணி அடித்தார் தலைவர்.
சென்ற ஆண்டுக் குறிப்பு ஏற்கப்பட்டது.
வரவு செலவு ஏற்கப்பட்டது;
கருத்தரங்கப் பந்தலுக்கு எப்படி இவ்வளவு என்று
வழக்கம்போல் செல்வின் கேட்டார்,
வழக்கம்போல் உட்கார்ந்தார்.
பொருள் ஆறு.
தாசையன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாள்.
'வரைபடத்தை முழுமையாகச் சரிபார்த்த பின்னரே
ஒப்பமிட்டேன் என்பதைப் பணிவுடன்'

நான் எழுதினேன். எழுதுவதுதானே வேலை.
கண்டனம் என்றார் மேபல்.
அறிவுரை என்று திருத்தம் வந்தது.
திருத்தத்துக்கு எத்தனை கைகள்.
எண்ணினேன், பதினாலு.
என் கை பேனாவைப் பிடித்திருந்தது.
அது எண்ணிக்கையில் சேருமா என்று
விதியில் இல்லை.

ஒரு காரியம் சொல்லிவிடுகிறேன்.
என் முத்திரையும் ஒருமுறை, நான்கு நாட்கள்,
மேல்புறத்தில் ஒரு காண்ட்ராக்டர் மேசையில் கிடந்தது.
திரும்பி வந்தபோது மைப்பெட்டி காய்ந்திருந்தது.
எந்தச் சுவர் என்று எனக்குத் தெரியாது.
ஒவ்வொரு மழைக்கும் தெரியாது.

சாப்பாட்டுக்கு எல்லோரும் இறங்கிய பிறகு
பக்கம் நாற்பத்துநான்கில்
10.30 முதல் 11.00 வரை என்று தலைப்பிட்டேன்.
அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன்,
ஆரஞ்சு உட்பட.
அதன்கீழ் மேல்புறம், மேசை, நான்கு நாள்.

தலைவர் கை துடைத்துக்கொண்டே வந்து படித்தார்.
'இது பொருள்நிரலில் இல்லியே, டீச்சரே.'
அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது இதுதான் முதல் முறை.
இல்லை சார், என்றேன்.
'அடிச்சிரட்டா?'
அடுத்த கூட்டத்தில் வாசிப்போம்,
அவர்கள் உறுதிசெய்யட்டும், இல்லையென்றால் அடிக்கட்டும்.
அவர் வெளியே பார்த்தார்.
'அதுக்கு ஆளு வரணும்.'

பத்தொன்பது பேர், என்றேன்.