மேற்படி

பத்திர எழுத்தர்கள் பழகிய சொல்தான்.
நாலு எல்லையையும் ஒருமுறை விரித்து எழுதிவிட்டால்
அப்புறம் பக்கம் பக்கமாய் மேற்படி நிலம், மேற்படி கிணறு,
மேற்படி கிணற்றில் கால் பாகம்.
கேமராவும் அப்படித்தான் எழுதுகிறது.

இரண்டு நொடிக்கு ஒரு தடவை
மூச்சைப் பிடித்து முழுப் படம் ஒன்று.
மீதி நாற்பத்தொன்பதிலும்
பாறை: மேற்படி.
டிக்கெட் கவுன்ட்டர்: மேற்படி.
மீன் வறுக்கும் கடையின் தகரக் கூரை: மேற்படி.
நாய்: மேற்படி, ஆனால் ஆறு புள்ளி இடப்பக்கம்.

இந்தச் சிக்கனத்தில்தான்
பென்னாகரத்தில் என் கடை ஓடுகிறது.
முப்பது நாள் பதிவு, ஒரே ஹார்ட் டிஸ்க்,
நொடிக்கு இவ்வளவு பிட் என்று நானே பூட்டிய அளவு.
பில்லைப் பார்த்துத் தலையாட்டிய குத்தகைக்காரர்
கேட்டது ஒன்றுதான்:
"படத்துல அருவி நல்லா விழணும்."

விழுந்தது.

ஒகேனக்கல் தண்ணீருக்கு மேற்படி கிடையாது.
போன நொடியின் நுரையை எங்கே நகர்த்தி வைத்தாலும்
இந்த நொடியின் நுரையோடு பொருந்தாது.
தேடிச் சலித்து
எல்லாவற்றையும் புதிதாகவே எழுதுகிறது கோடெக்.
பந்தியில் முதல் ஆளே அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டதுபோல்
கொடுத்த பிட்டெல்லாம் அருவிக்கே போகிறது.
கீழ் மூலையில்
பரிசல் துறையில் நிற்கிறவர்களுக்கு
வழித்த பாத்திரம்.

மாதையன் வந்தது வெள்ளிக்கிழமை.
சட்டைப் பையில் எட்டுப் புளியங்கொட்டை,
நடைக்கு ஒன்று.
குத்தகை நோட்டில் ஏழு நடை:
முதல் வரியில் மாதையன், ஆள் நாலு.
அதன் கீழே ஆறு தடவை இரண்டிரண்டு சின்னக் கோடு.
ஏழாவது தடவை கோடு போடும் முன்
டீ வந்திருக்கும், பேனா மூடியிருக்கும்.
கொட்டை கணக்கில் சேராது என்றார் குத்தகைக்காரர்.
"கேமரா எதுக்கு இருக்கு?"

பார்த்தோம். மாலை நாலு நாற்பத்திரண்டு.
பரிசல் ஒன்று சுழன்று கரையை விடுகிறது.
நாலு ஆரஞ்சு மிதவைச் சட்டை.
நிறத்தை யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை என்று
நாலு புள்ளிக்கு ஒரே நிறம் வைப்பது வழக்கம்,
அதனால் ஆரஞ்சு கொஞ்சம் ஆற்றிலும் கசிந்திருந்தது.
துடுப்பு போடுகிறவரின் முகம்
பழுப்பாய் மூன்று கட்டம்.

"பெருசு பண்ணும்மா."
பண்ணினேன்.
மூன்று பெரிய கட்டம்.
வாய் இருக்க வேண்டிய இடத்தில்
மேற்படி.

நுண்ணியதைத்தான் முதலில் வெட்டும்:
மீசை, சுருக்கம், தழும்பு.
கண் கண்டுபிடிக்காது என்பது கணக்கு.
யாருடைய கண் என்று எந்த நியமத்திலும் நான் படித்ததில்லை.
வெட்டியது எங்கேயும் மூட்டை கட்டிக் கிடக்கவும் இல்லை,
போய் அவிழ்த்துக் கொண்டுவர.

முழுப் படங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டே போனேன்.
ஒன்றில், ஒரே ஒன்றில்,
இடது முழங்கை.
எப்போதோ முறிந்து, கோணலாகவே கூடிய எலும்பு.
வெளிச்சமும் நிழலும் முட்டுகிற விளிம்பு,
அது மட்டும் பிழைத்திருந்தது.
மாதையன் ஒன்றும் பேசவில்லை.
சட்டைக் கையைச் சுருட்டி
மானிட்டர் பக்கத்தில் கையை மடக்கிப் பிடித்தார்.

"கை யாருக்கும் வளையும்."
கடைசியில் பாதிக் கூலி என்று பேசி முடித்தார்கள்.
எட்டாவது கொட்டையைப் பிளப்பது எப்படி என்று
நான் கேட்கவில்லை.
பிட் அளவைப் பூட்டியவள் நான்.

சனிக்கிழமை விடிந்ததும் ஏணி போட்டு ஏறி
கேமராவைத் துறைப் பக்கம் திருப்பினேன்.
அதே எச் 264, அதே அளவு.
முகங்களில் மூக்கு முளைத்தது.
எச் 265 என்றால் இன்னும் பாதி இடம் போதும்,
அதற்கு வேறு பெட்டி வேண்டும்,
வாங்க மாட்டார்.

பத்து மணிக்குப் போன்.
"என்னம்மா, அருவியைக் காணோம்?"

அவர் குரலுக்குப் பின்னால்
சத்தமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.