இடப்பக்க விளக்கு

நாளை ஒன்பதே காலுக்குச் சோதனை.
வைப்பர் ரப்பர் மாற்றியாயிற்று,
டயர் பள்ளத்தில் நாணயம் செருகிப் பார்த்தாயிற்று.
பின்சீட்டில் போன கோடையின் பெர்ரிக் கறை:
அதை யாரும் கேட்கப்போவதில்லை,
ஆனாலும் தேய்த்தேன்.

பிரேக் விளக்குதான் பாக்கி.
மிதித்தால் எரியும்;
மிதிக்கிறவளுக்குத் தெரியாது.

காயானியில் மூன்று மணிக்கே இருட்டு.
பூட்டிய மீன்கடைக் கண்ணாடிக்கு
முதுகு காட்டி நிறுத்தி மிதித்தேன்.
உறைபனிக்குள் சிவப்பாய் ஏதோ.
ஒன்றா, இரண்டா?

வேலித் தகராறுக்குப் பின்
மூன்று குளிர்காலமாய்ப் பேசாத வெய்க்கோ
நாயோடு வந்தவர் நின்றார்.
ஒரு விரல் காட்டினார்.
குனிந்து, கையுறையால்
இடப்பக்கம் ஒரு தட்டு.

இரண்டு விரல்.

கண்ணாடியில் அவர் சிவப்பு, நாயும் சிவப்பு.
காலை எடுக்கவில்லை நான்,
தேவைக்கு மேலும்
கொஞ்ச நேரம்.