ஆணியில் தொங்கும் கோட்டு

தலவாக்கலையில், பேக்கரிக்கு மேலே,
பதினேழு படி ஏறினால் என் ஸ்டூடியோ.
மழைக்காலத்தில் பதினெட்டு.
கடைசிப் படி சேறு.

முதல் நாளே போனில் சொல்லிவிடுவேன்.
வெள்ளைச் சட்டை வேண்டாம்,
என் பின்சுவரும் வெள்ளைதான்,
தலை மட்டும் தனியே மிதக்கும்.
பொடிக் கட்டம் போடாதீர்கள்,
கமராவில் அது எறும்பு ஊரும்.
சிவப்பு உடுத்தினால் தாடையில் சிவப்பு ஏறி
சண்டை போட்டுவிட்டு வந்த முகமாக இருக்கும்.
தோட்டத்துக்குள் படமென்றால்
பச்சை கட்டவே கூடாது.
தேயிலை ஆளை முழுங்கிவிடும்.

கேட்பார்கள். ம் கொட்டுவார்கள்.
ஞாயிற்றுக்கிழமை
வெள்ளையும் பொடிக் கட்டமுமாக வந்து நிற்பார்கள்.
இருப்பதே அதுதான் என்று
யாரும் என்னிடம் சொன்னதில்லை.
விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று வருசம் எடுத்தது.

அப்புறம்தான் கோட்டு வாங்கினேன்.
நுவரெலியா நடைபாதைத் துணிக்குவியலில்,
எந்தக் குளிர் தேசத்தவனோ கழற்றிப் போட்டது.
கருநீலம். உள்துணி கிழிசல்.
ஆள் மெலிசென்றால்
முதுகில் நாலு கிளிப்.
கமராவுக்கு முதுகு தெரியாது.

அந்தக் கோட்டுக்குள்
ரெண்டு கிளாக்கர், ஒரு பட்டதாரி,
கட்டாருக்குப் போன பதினொரு பேர்.
மாப்பிள்ளைகள் கணக்கு விட்டுப்போச்சு.
கொட்டகலையில் ஒரு வீட்டில்
மாமனாரும் மருமகனும் ஒரே கோட்டில்,
ஒரே சுவரில், பக்கத்துப் பக்கத்துச் சட்டத்தில்.
பார்த்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை,
அல்லது சொல்லவில்லை.

போன மாசம் சந்தனமேரி அக்கா வந்தாள்.
கூடப் புருசன் இஞ்ஞாசி,
குடையைச் சொட்டவிட்டபடி.
மேல் டிவிஷனில் அவளைக் கங்காணியாக்கியிருக்கிறார்கள்.
வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும்.

பையில் மூன்று சேலை.
ஒவ்வொன்றாய்த் தோளில் போட்டுப் பார்த்தோம்.
ஊதா அடுத்த காம்பராவில் இரவல் வாங்கியது,
"அவ கண்டா படத்துக்கும் வாடகை கேப்பா."
மஞ்சள் வெளிறிக் கிடந்தது.
பச்சையை எடுத்தவள் அப்படியே நின்றாள்.
"தேயிலை முழுங்கிரும்னு சொன்னீங்களே,
அது முழுங்கி இருவத்தாறு வருசமாச்சு."
சிரிக்கவில்லை.

நான் வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன்.
கரை சிறிசாக இருந்தால் முகம் எடுப்பாகும்.
கையை மடியில் வைத்து
முந்தானையால் மூடிக்கொள்ளலாம்,
கொழுந்துக் கறை தெரியாது.

அவள் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அது யாருது?"
ஆம்பளைங்க கோட்டு, என்றேன்.
"அதான் கேட்டேன்."

இஞ்ஞாசி இருமினார்.
அது சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது.

பச்சைச் சேலைக்கு மேல் கருநீலக் கோட்டு.
இதற்கு என்னிடம் விதி இல்லை.
தோள் வழிந்தது.
கிளிப்போடு பின்னால் போனேன்.
"வேணாம், காத்து போகட்டும்" என்றாள்.
கோட்டுக் கையை இரண்டு மடிப்பு
மேலே சுருட்டினாள்.
விரல்கள் வெளியே வந்தன,
கறுத்து, நகக்கண்ணெல்லாம் வெடித்து.
மூடவா என்று கேட்க வாயெடுத்தேன்.
இஞ்ஞாசி குடை நுனியால்
என் செருப்பைத் தட்டினார்.

ஜன்னலால் பனி நுழைந்து
வெளிச்சத்தைப் பாலாக்கியிருந்தது.
நாலு படம் எடுத்தேன்.
மூன்றில் கண்ணை மூடியிருந்தாள்.
நாலாவதில்
பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் பார்வை.
கமராவுக்குப் பின்னால் நின்ற எனக்கே
வந்துட்டேன் என்று
சொல்ல வாய் வந்தது.

நேற்று ஒரு மாப்பிள்ளை
கோட்டுக்குள் கையை நுழைத்தவன்
மூக்கைச் சுளித்தான்.
"சித்தாலேப வாசம் அடிக்குதே,
யாரு போட்டது?"
கங்காணி, என்றேன்.
சட்டென்று நிமிர்ந்து நின்றான்.

அப்படியும் நாலு கிளிப் தேவைப்பட்டது.