இறக்கத்தில் நீலம்

பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற வண்டி
பொய் சொல்லும்.
கண்ணாடிச் சில்லில் ஒரு பொட்டு ஆயிலும் தெரியாது.
வற்றிப்போச்சே என்று பதறி
அளவுக்கு மேல் ஊற்றியவர்கள் உண்டு.
நானும் ஒருமுறை.

அதனால் மலினேயோ வர வேண்டும்.
இந்த மலை ஆஸ்பத்திரிக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ்.
கம்பளியைத் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டு
ஹேண்டிலை இரு கையாலும் பற்றி
வண்டியை நிமிர்த்திப் பிடிப்பாள்
வலி கண்டவளை எழுப்பி நிறுத்துகிற மாதிரி.
"சீக்கிரம் லிமகாட்சோ, அடுப்பில் ஊசி கொதிக்கிறது."
உறைபனித் தரையில் கன்னம் ஒட்ட
நான் படுத்துக்கொண்டு
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறேன்.
கீழ்க்கோட்டைத் தொட்டும் தொடாமலும்
தேன்நிறத்தில் ஒரு பிறை.

எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் ஆகவேண்டும்
மேலே போனதெல்லாம் இறங்கிவர.
அதற்குள் பெட்டியில் பனிக்கட்டி குறையும்.
பெட்டியில் பதினேழு குழாய் ரத்தம்,
மூன்று பள்ளத்தாக்குகளின் ரத்தம்,
மாலை நாலுக்குள் மொக்கோட்லாங் லேபில் இருக்கவேண்டிய ரத்தம்.

நோட்டில் எழுதுகிறேன்:
அறுநூற்றைம்பது கிலோமீட்டர். முந்நூறு மில்லி.
போன மாதம் இதே தூரத்துக்கு நூற்றைம்பது.
எங்கே போகிறது?
ராத்திரி வண்டிக்கடியில்
மருந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தேன்.
காலையில் அதன்மேல் ஒரு சொட்டு இல்லை,
ஒரு கோழியின் கால்தடம் மட்டும்.

மாசெருவிலிருந்து மெக்கானிக் மொலேஃபி போனில்:
"ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் வரை குடிக்கலாம் அக்கா,
கம்பெனி புத்தகத்திலேயே இருக்கு."
புத்தகம் எழுதியவர்
இந்தக் கணவாயில் ஏறியிருக்க மாட்டார்.
ஏற்றத்தில்தான் குடிக்கிறது என்று நினைத்தேன்.
முதல் கியரில் அது முக்குகிற முக்கலுக்கு
யாராயிருந்தாலும் குடிப்பார்கள்.
ஏறும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.
புகையில்லை.
என் மூச்சுதான் வெள்ளையாய் இருந்தது.

ஆடு மேய்க்கும் செல்லோ
பாலத்தருகே கைகாட்டி நிறுத்தினான்.
எப்போதும் கேட்பது பிஸ்கட்.
இன்று கேட்டது வேறு:
"நீ இறங்கி வரும்போது ஒன்றும் இல்லை.
பாலத்துக்கிட்ட வந்து மறுபடி முறுக்குகிறாயே,
அப்போ மட்டும் பின்னால் நீலமாய்ப் போகிறது.
தினமும். நான் எண்ணுகிறேன்.
அது என்ன?"

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு
ஒன்பது வளைவு, சும்மா உருண்டு வருகிறேன்.
வண்டிக்கு ஓய்வு என்று நான் நினைத்த தூரம் அது.
அந்த ஓய்வில் எஞ்சின் உறிஞ்சுகிறது,
வால்வு இடுக்கில் தேய்ந்த ரப்பர் வழியாக
துளித்துளியாய் உள்ளே இழுக்கிறது.
பாலத்தில் திறந்ததும் எல்லாம் எரிகிறது.
எனக்குப் பின்னால்.
என் கண்ணாடியில் அப்போது நான் பார்ப்பது
பாலத்தின் கைப்பிடி, எதிரில் வரும் கழுதை.

செல்லோவுக்கு இரண்டு பாக்கெட் பிஸ்கட்.
ஒன்றை அங்கேயே பிரித்தான்.

வால்வு சீல் வர மூன்று வாரம் என்றார் மொலேஃபி.
அதுவரை ஒரு லிட்டர் டப்பா
ரத்தப்பெட்டிக்குப் பக்கத்திலேயே பயணம்.
மலினேயோ ஒத்துக்கொள்ளவில்லை.
"பெயரில்லாத எதுவும் என் பெட்டிகிட்டப் போகாது."
லேபில் ஒட்டுகிற சீட்டையே எடுத்து
முழங்காலில் வைத்து எழுதினாள்:

நோயாளி: மோட்டார்.
வயது: பதினொன்று.
தொந்தரவு: இறக்கத்துக்குப் பின் நீல மூச்சு.
பரிசோதனை: தேவையில்லை. ஊற்றவும்.

எச்சில் தொட்டு ஒட்டினாள்.
பிறகு ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்தி
"பார்" என்றாள்.
நான் மறுபடி படுத்தேன்.