எதிர்ப்புரி

வாலிநோக்கம் உப்பளம் தாண்டி ஒரு டீக்கடை.
மதுரையிலிருந்து மிதித்து வந்தவர்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்:
"பெடலை எத்தனை நாளுக்கு ஒருதரம் கழற்றுவீங்க?"
அவர் வாங்கியதிலிருந்து தொட்டதே இல்லையாம்.
வாரத்துக்கு ரெண்டு தரம் என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
வடையைப் பிய்த்தார்.

சனி ராத்திரி, இஷா முடிந்ததும்,
கீழக்கரை வீட்டு முற்றத்தில் சாக்கை விரிப்பேன்.
பதினைந்தாம் நம்பர் ஸ்பானர், கிரீஸ் டப்பா.
தட்டைப் பெடல் இரண்டும் இறங்கும்,
கிளிப் பெடல் இரண்டும் ஏறும்.
ஞாயிறு விடிய ஏர்வாடி, வாலிநோக்கம்,
காற்று விட்டால் அதற்கும் அப்பால்.
ராத்திரி திரும்பி வந்து எல்லாம் தலைகீழாக.
திங்கள் காலை சைக்கிள் மஹ்மூதாவுக்கு.
ரப்பர் செருப்போடு கிளிப்பில் கால் வைத்தால்
முதல் வளைவிலேயே விழுவாள்.
விழுந்திருக்கிறாள், மீன்கூடை மேல்.
அன்றைக்கு வீட்டில் நெத்திலி என்றால் ஒரே சிரிப்பு.

எனக்கு வேலை சங்குக் கிட்டங்கியில்.
மூட்டை அவிழ்க்க, அளவு பார்க்க,
புழு துளைத்ததை ஒதுக்க.
எட்டு வருஷத்தில் வலம்புரி ஒன்றே ஒன்று கண்டேன்.
முதலாளி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு
மத்தியானச் சோற்றுக்கு உட்காராமல் காரில் ஏறினார்.
மற்றதெல்லாம் ஒரு பக்கம் சுழல
அது மறுபக்கம் சுழல்கிறது.
விஷயம் அவ்வளவுதான். விலையும் அதற்குத்தான்.

பதினொன்றாம் வகுப்பில் மஹ்மூதா
இடது பெடலின் தண்டை
டியூப்லைட் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள்.
"காக்கா, இந்தப் புரியைப் பாருங்க.
மத்த மரையெல்லாம் ஒரு பக்கம், இது எதிர்ப்பக்கம்.
உங்க முதலாளி சங்கு மாதிரி."
இடது பெடலுக்குள் வலம்புரி!
ஊரில் எத்தனை சைக்கிளோ அத்தனை.
ஒருத்தரும் துண்டில் சுற்றவில்லை.

ஜூலையில் அவள் சேலத்துக்கு நர்ஸிங் படிக்கப் போனாள்.
கிளிப் பெடல் ஏறியது ஏறியபடி.
கிட்டங்கிக்கும் அதிலேயே போனேன்,
குதிகாலால் மிதித்துக்கொண்டு.
சனி ராத்திரி சீக்கிரம் தூங்கினேன். வசதிதான்.
கச்சான் ஓய்ந்து வாடை வந்தது.
சைக்கிள் வெளியில்தான் நின்றது.

டிசம்பர் லீவில் வந்தவள்
பையை வைத்ததும் சைக்கிளைக் கேட்டாள்.
வலது பெடல் முனகிக்கொண்டே வந்துவிட்டது.
இடது அசையவில்லை.
மண்ணெண்ணெய் விட்டேன். தேங்காயெண்ணெய் விட்டேன்.
ஸ்பானர் மேல் ஏறி நின்றேன்.
வழுக்கி, விரல் மொளியில் தோல் போய்
சங்கின் உள்வாய்போல இளஞ்சிவப்பு.
சீனி காக்கா கடையில் காஸ் வைத்துச் சூடாக்கலாம் என்றேன்.

தொதல் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்,
பத்து விரலிலும் பிசுபிசுப்பு.
"பின்சக்கரத்துப் பக்கம் தள்ளுங்க, காக்கா.
நீங்க இவ்வளவு நேரமா இறுக்கிக்கிட்டு இருக்கீங்க."

வருஷம் நூறு தரம், நாலு வருஷம்.
கை மறப்பதற்கு ஐந்து மாதம் போதுமாயிருந்தது.

ஒரே உதை. டக்.
மரைக்குள் வெள்ளைப் பொடி.
மஹ்மூதா அதைச் சுண்டுவிரலால் வழித்து
நாக்கில் வைத்தாள்.
"வாலிநோக்கம்," என்றாள்.

மதுரைக்காரரிடம் இதெல்லாம் சொல்லவில்லை.
அவருக்குக் காற்று திரும்புவதற்குள் கிளம்ப வேண்டும்.
ஜனவரியில் அவளை ரயிலேற்றிய வாரத்திலிருந்து
சனி ராத்திரி சாக்கை விரிக்கிறேன்,
ஞாயிறு ராத்திரி மறுபடி விரிக்கிறேன்.
திங்கள் காலை, கிரீஸ் துடைத்த தட்டைப் பெடலோடு
சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கும்.
நான் கிட்டங்கிக்கு நடந்து போகிறேன்.