கதவைச் சாத்தவும்

கோத்தகிரி துணை அஞ்சலகத்தில்
இரண்டாம் கவுண்டர் என்னுடையது.
கதவுக்கும் எனக்கும் நடுவே
ஒரு எடைத்தராசு, ஒரு பசைப்புட்டி,
ஆடி மாதம்.

கதவின் ஸ்பிரிங் போய் இரண்டு வருடம்.
மேலிடத்துக்கு எழுதியாயிற்று.
மேலிடம் ஊட்டியில் இருக்கிறது.
அங்கே இதைவிடக் குளிர்,
எங்கள் குளிரை யார் மதிப்பார்கள்?

ஆகவே ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்:
கதவைச் சாத்தவும்.
வல்லினம் மிகும் இடம் என்பதால்
அந்த ச்-ஐக் கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.

மூன்றே மழையில் மை கரைந்தது.
ஆல்துரை சார் கம்ப்யூட்டரில் அடித்து
பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மாட்டினார்:
கதவை சாத்தவும்.

பார்த்ததும் எனக்குப் பல் கூசியது.
அத்தனை பெரிய எழுத்து,
நாலு மூலைக்கும் ரோஜாப்பூ,
ஒரு ச் வாங்கவா வழியில்லை?
சாப்பாட்டு நேரத்தில் உறையை உருவி
பால்பாயிண்டில் செருகிவிட்டேன்.
மறுநாள் புதுத்தாள்.
கிறுக்கியது யார் என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
அவர் அடித்துக்கொண்டே இருக்கிறார்,
நான் செருகிக்கொண்டே இருக்கிறேன்.

யாருமே சாத்துவதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே,
மைத்துனரோடு செல்போனில்
வரப்புத் தகராறு பேசுகிறவர்.
கதவைத் திறந்து பிடித்தபடியே
'எப்பவுமே இவ்ளோ குளிருமா' என்று கேட்கும் கோவைக்காரர்.
நீங்கள் வந்ததிலிருந்துதான் என்பது
பல்லுக்குப் பின்னால்வரை வந்து
'ஆமாங்க' ஆகிவிடும்.

வீட்டுக்குப் போனால்
நாலு நாளாய்க் காயாத சாக்ஸ்.
எரிந்த தீக்குச்சியைப்
பெட்டிக்குள்ளேயே திரும்பப் போடும் பெள்ளிராஜ்.
ஈரநாளில் ஒரு அடுப்புக்கு ஐந்து குச்சி,
அதில் மூன்று ஏற்கெனவே செத்தவை.
இதற்கெல்லாம் விவாகரத்து தருவார்களா என்றேன்.
'தீப்பெட்டிக்கா?' என்று கேட்டுக்கொண்டே
இன்னொன்றைப் போட்டார்.

போன வியாழன்
டானிங்டன் தேவசகாயம் வந்தார், ஸ்பீடு போஸ்டுக்கு.
உள்ளே வந்து, நின்று, திரும்பி,
கதவைச் சாத்தினார்.
தாழ்ப்பாளைக்கூடத் தொட்டுப் பார்த்தார்.

சாலை நின்றுபோனது.
அப்போதுதான், முதல்முறையாக,
ஆல்துரை சார் டீ குடிப்பது என் காதில் விழுந்தது.
வர்க்கியை நனைத்து,
நனைந்த பாதி டம்ளருக்குள் விழ,
அதைத் தேடித் தேடி உறிஞ்சும் சத்தம்.
இரண்டு வருடமாக என்னைக் காப்பாற்றியது
மேட்டுப்பாளையம் பஸ்ஸின் ஹார்ன்.

'கொஞ்சம் திறந்தே இருக்கட்டுங்க' என்றேன்.
தேவசகாயம் கதவைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஒட்டாத ஸ்டாம்பைப் பார்த்தார்.

பிறகு மூன்று நாள் காய்ச்சல்.
திரும்பி வந்தால் புதுத்தாள்,
புது ரோஜாப்பூ.
பால்பாயிண்டை எடுத்துக்கொண்டு போனால்
அங்கே ஏற்கெனவே ஒரு ச,
பச்சை மையில்.

யாரோ ஒருவர்.
இந்த ஊரில், இந்த மூடுபனிக்குள்,
என்னைப்போலவே பல் கூசி நின்றிருக்கிறார்.
காலையெல்லாம் கண்ணாடிக்குக் கீழே நீளும்
ஒவ்வொரு கையிலும் பச்சைக்கறை தேடினேன்.
பாஸ்புக் நீட்டிய புஷ்பலீலாவிடம்
காரணமில்லாமல் சிரித்தேன்.
பயந்துபோய்ப் பணத்தை இருமுறை எண்ணினாள்.

மதியம் கிட்டப்போய்ப் பார்த்தேன்.
புள்ளி இல்லை.
கதவைச சாத்தவும்.
அடப் பாவி,
இத்தனை தூரம் வந்தவனுக்கு
ஒரு புள்ளிக்கா கை வலித்தது?

கதவை விரியத் திறந்து வைத்து
வெளிச்சத்தில் உறையை உருவிக்கொண்டிருந்தேன்.
குளிர் என் பக்கவாட்டில் நுழைந்து
ரசீதுகளை எல்லாம் கிளப்பியது.

'மேடம், கதவைச் சாத்துங்க'
உள்ளிருந்து ஆல்துரை சார்.

பேசும்போது மட்டும்
ஒற்று எவ்வளவு சுத்தமாக வருகிறது
அந்த மனுஷனுக்கு.